மூன்றாம் கட்டத்தில் ஓர் அசைவு

லிவர்மோர், கலிபோர்னியா
ஜூன் 8, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதங்களில் நடப்பதை நடந்தபடியே எழுதுவேன். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்க மாட்டேன். எனக்கு வெட்கமாக இருப்பதையும் எழுதுவேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

போனில் எதுவும் பேச முடிவதில்லை. நீங்கள் கூப்பிட்டதும் அம்மா போனைத் தம்பி மதன் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். மதன் பேச மாட்டான் என்று உங்களுக்கும் தெரியும். "சாப்பிட்டியா சாமி? என்ன சாப்பிட்டே?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவன் போனின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கிறான். நான் நடுவில் புகுந்து ஏதாவது சொன்னால் அது அம்மா காதில் விழும், அப்புறம் அன்று இரவு சாப்பாடே இறங்காது.

ஏப்ரலில் மதன் பக்கவாட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஓடைக்குப் போனதிலிருந்து, அம்மா பின்கதவை ஒட்டி டைனிங் டேபிள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மீட்டிங், சாப்பாடு, காய் நறுக்குவது எல்லாம் அங்கேயேதான். கேட்டுக்குப் பூட்டுப் போட்டோம். குப்பைத் தொட்டி மேல் ஏறிக் குதிக்கப் பார்த்தான். வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் சுவரில் தலையை முட்டுகிறான். தோட்டத்தில் விட்டால்தான் அமைதியாக இருக்கிறான்.

நேற்று முன்தினம் அம்மாவின் மேனேஜர் சொல்லிவிட்டார். ஆகஸ்டிலிருந்து எல்லாரும் சான் ரமோன் ஆபீசுக்கு வாரம் மூன்று நாள் வர வேண்டுமாம். அம்மா லேப்டாப்பை மூடிவிட்டு, "நான் ரிசைன் பண்ணிடறேன். வேற என்ன பண்றது?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. தோட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அதனால் நான் படிக்க ஆரம்பித்தேன். கேமரா வேண்டாம். யாராவது அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; தவிர, "அவன் கைய ஆட்டறதெல்லாம் ஏதோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டர்ல கெடக்க வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். வாசல் விளக்கில் இருக்கும் சென்சார் உடம்புச் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது. ஜூலை மத்தியானம் இங்கே வேலிக்கும் மதனுக்கும் ஒரே சூடுதான், அதற்கு வித்தியாசம் தெரியாது.

மிச்சம் இருப்பது ரேடார். கட்டைவிரல் நகம் அளவு சில்லு. மில்லிமீட்டர் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதில் ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு வகை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 24 கிகாஹெர்ட்ஸ், விலை மலிவு, ஆள் நடந்தால் சொல்லும். இன்னொன்று 60 கிகாஹெர்ட்ஸ், நிற்கிறவர் மூச்சு விடுவதைக்கூடச் சொல்லுமாம். மதன் கேட்டுக்குப் போனதும் உடனே ஏறிவிட மாட்டான். நெடுநேரம் நின்று, முன்னும் பின்னும் ஆடி, விரல்களைக் கண்ணுக்கு நேரே அசைத்துக்கொண்டிருப்பான். நடப்பதை மட்டும் பார்க்கும் கருவி அந்த நேரத்தில் அவனை மறந்துவிடும். நமக்குச் சின்ன அசைவைப் பார்ப்பதுதான் வேண்டும்.

வாங்கி அனுப்புவீர்களா?

வான்மதி

*

பிளேனோ, டெக்சஸ்
ஜூன் 17

அன்பு வான்மதிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். கையால் தமிழ் எழுதி எத்தனையோ வருஷமாகிறது. பிழை இருந்தால் உன் தமிழ்ப் பள்ளி டீச்சரிடம் காட்டாதே.

எனக்கென்னவோ வேலியை உயர்த்தினால் போதும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நான் எதைச் சொன்னாலும், "டெக்சஸ்ல உக்காந்துட்டு நீங்க சொல்லாதீங்க" என்று பதில் வரும். அதுவும் நியாயம்தான். வந்துவிடுங்கள் என்கிறாள் உன் அம்மா. இந்த வேலையை விட்டால் விசா என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். தெரிந்துதான் நானும் பதில் சொல்லாமல் இருக்கிறேன். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. நீ இதற்கு நடுவில் நிற்க வேண்டாம் கண்ணு.

இரண்டு வகையையும் வாங்கினேன். நான் பாங்க் சாப்ட்வேரை டெஸ்ட் செய்கிறவன். கண்ணில் பட்டதை டெஸ்ட் செய்யாமல் அனுப்பினால் தூக்கம் வராது. பால்கனியில் வைத்துப் பார்த்தேன். மலிவானது, நான் அசையாமல் நின்றதும் "யாருமில்லை" என்றது. நீ சொன்னது சரி. மற்றது நான் நாற்காலியில் சாய்ந்து தூங்கியபோதும் "ஆள் இருக்கிறார்" என்று காட்டிக்கொண்டே இருந்ததாம். ரூம்மேட் ராமசுப்ரமணியன் சொன்னான், "அண்ணா, ஆபீஸ்லகூட உங்கள இவ்ளோ கவனிக்க மாட்டாங்க."

ஒரே ஒரு குறை. நான் உள்ளே வந்த பிறகும் ஆள் இருக்கிறார் என்றது. எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஏசியின் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அசைவது எல்லாம் அதற்கு ஆள். நம் தோட்டத்தில் என்னென்ன அசையும் என்று முதலில் யோசித்துக்கொள்.

60-ஐ அனுப்புகிறேன். நீயே ட்ரில் போடாதே. பக்கத்து வீட்டு பாலசுப்ரமணியன் சாரைக் கூப்பிடு.

அப்பா

*

லிவர்மோர்
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

கருவி வந்தது. பக்கத்து வீட்டு பாலசுப்ரமணியன் அங்கிள் ட்ரில்லோடு வந்தார். மழையும் தூசியும் படாமல் இருக்க ஒரு பெட்டி வேண்டும், ஆனால் உலோகமாக இருக்கக் கூடாது, அலை தாண்டாது என்று சொன்னேன். அம்மா நாற்காலியிலிருந்து எழாமலே, "தயிர் டப்பா இருக்கு, எடுத்துக்கோ" என்றாள். பெரிய தயிர் டப்பாவைக் கவிழ்த்து, கருவியை உள்ளே ஒட்டி, தோட்டத்துக் கடைசிச் சுவரில், வீட்டைப் பார்த்தபடி மாட்டிவிட்டோம். அங்கிள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, மிஸைல் வந்தாலும் இது கண்டுபுடிச்சிடும் போல" என்றார். அடுக்களைச் சுவரில் மணி. தோட்டத்தில் யாராவது கேட்டை நெருங்கினால் அது அடிக்க வேண்டும்.

கருவி தூரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. சுவரை ஒட்டியது முதல் கட்டம். புல்தரை இரண்டாவது. மூன்றாவதில் வீட்டுப் பக்கம் அம்மாவின் முருங்கை மரமும், அதற்குப் பின்னால் கேட்டுக்குப் போகும் சந்தும்.

அப்பா, முருங்கையை நான் யோசிக்கவில்லை. நாலு மணிக்கு மலைப் பக்கம் காற்று கிளம்பியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. இரவு காற்று அடங்கும் வரை நிற்கவில்லை. மறுநாளும் அப்படியே. முதலில் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடினோம். பிறகு அம்மா மட்டும் எட்டிப் பார்த்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"காத்தடிச்சா கத்துது, குருவி உக்காந்தா கத்துது. இதுக்கு நானே உக்காந்துக்கறேன், விடு" என்றாள் அம்மா. மணியின் வயரைப் பிடுங்கிவிட்டாள். கோபமாகப் பிடுங்கவில்லை. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, ஈரக் கையோடு, மெதுவாகப் பிடுங்கினாள்.

மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். குளிர்காலத்தில் கம்பளி சுற்றி அவள் காப்பாற்றிய மரம். திட்டுவாள் என்று நினைத்தேன். "வெட்டணும்னா வெட்டிக்கோ" என்றாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. நான் வெட்டவில்லை. மதன் தினமும் அதன் அடியில்தான் உட்காருகிறான்.

வான்மதி

*

பிளேனோ
ஜூலை 13

அன்பு வான்மதிக்கு,

மரத்தை வெட்டாதே. கருவியோடு வந்த குறிப்பைக் கடைசி வரை படித்தேன் (படித்ததும் தலைவலி மாத்திரை போட்டேன்). அதில் ஒரு வழி இருக்கிறது. பின்னணியைக் கற்றுக்கொள் என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் என்னென்ன ஆடுகிறதோ அதெல்லாம் இந்த இடத்தின் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு அதற்கு மணி அடிக்காது. காற்று நன்றாக அடிக்கும் நேரத்தில் அழுத்த வேண்டும், இலையெல்லாம் ஆட வேண்டும். ஒரே நிபந்தனை, தோட்டத்தில் ஆள் யாரும் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் வருகிறேன். நீ தனியாகச் செய்ய வேண்டாம்.

உன் அம்மா மத்தியானம் சாப்பிடுகிறாளா? கேட்டேன் என்று சொல்லாதே.

அப்பா

*

லிவர்மோர்
ஜூலை 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வீடியோவில் பார்த்ததுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நான் போனைத் திருப்பித் தோட்டம் முழுவதும் காட்டினேன். "யாருமில்ல கண்ணு, ஸ்டார்ட் பண்ணு" என்றீர்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினேன். முருங்கை பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை! ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு காற்று, ஒரு சத்தம் இல்லை. நான் புல்தரையில் நடந்து பார்த்தேன், உடனே அடித்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று மத்தியானம் எழுந்து நாற்காலியைத் தூக்கி டேபிளுக்கே கொண்டுபோய் வைத்தாள். பிறகு பெட்ரூமுக்குப் போய்ப் படுத்தாள். கதவைக்கூடச் சாத்தவில்லை, செருப்போடு தூங்கிவிட்டாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் பகலில் படுத்து இன்றுதான் பார்க்கிறேன். நான் பாதிப் புத்தகத்தை நிமிர்ந்தே பார்க்காமல் படித்தேன்.

மத்தியானம் சாப்பிடுகிறாள். தயிர்சாதம்தான், ஆனால் சாப்பிடுகிறாள்.

வான்மதி

*

லிவர்மோர்
ஜூலை 25

அப்பா,

அம்மா போனில் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். நான் முழுவதும் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் அம்மா மீட்டிங்கில் இருந்தாள். நான் ஹாலில் படித்துக்கொண்டிருந்தேன். மதன் தோட்டத்தில் இருந்தான். வாசல் மணி அடித்தது. திறந்தால் பாலசுப்ரமணியன் அங்கிள், மதன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ஏம்மா, உங்க தம்பி ட்ரெயில்ல தனியா போயிட்ருக்கான். தெரியுமா, தெரியாதா? நான் வாக்கிங் போனதால பாத்தேன்." ஓடையோர நடைபாதையில், ஓடைக்கு இறங்கும் வழிக்குப் பக்கத்தில் போய்விட்டிருக்கிறான். அவன் கால் நனையவில்லை. அதை முதலில் பார்த்தேன்.

கேட்டை ஏறித்தான் குதித்திருக்கிறான். அடுக்களை மணி அடிக்கவே இல்லை.

அம்மா மதனைக் குளிப்பாட்டினாள். நாற்காலியைத் திரும்பப் பின்கதவுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். "திங்கக்கெழம மேனேஜர்ட்ட சொல்லிடறேன்" என்றாள். அவ்வளவுதான்.

நான் போய்க் கருவியின் எண்களைப் பார்த்தேன். முதல் இரண்டு கட்டங்கள் சரியாக இருந்தன. மூன்றாவதில் மட்டும் அது ஏகப்பட்ட அசைவைப் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தது. காற்றில் ஆடும் இலைக்கு அவ்வளவு வராது. எனக்குப் புரியவில்லை. சத்தமாகவே கேட்டேன், அன்னைக்கு அங்கே வேற என்ன ஆடிட்டிருந்தது என்று.

அம்மா திரும்பாமலே கேட்டாள். "அன்னைக்கு மதன் எங்க இருந்தான்?"

"உள்ள உங்ககூட இல்லையா?"

"என்கூட எங்க இருந்தான்? நான் பாத்திரம் வெளக்கிட்டு ஜன்னல்ல பாத்தேன். மரத்தடியிலதான் இருந்தான். எப்பவும் போல ஆடிட்டு."

அப்பா, நான் தோட்டத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்தேன். அவனைப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். முருங்கை இருந்தது, மதன் இருந்தான், வேலி இருந்தது. யாருமில்லை என்று முடிவு செய்தேன். அவன் ஆடுவதை அந்தக் கருவி மரம் ஆடுவதாகக் கற்றுக்கொண்டது. நேற்று அவன் மரத்தடியிலிருந்து எழுந்து, ஆடி ஆடி, கேட்டுக்குப் போனபோது அதற்கு எல்லாம் வழக்கம்போல இருந்தது.

கருவி தப்புச் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கு எத்தன வயசு? நீ ஏன் இதெல்லாம் பாத்துட்டிருக்க?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

வான்மதி

*

பிளேனோ
ஜூலை 28

கண்ணு,

உன் கடிதத்தைப் போல இதையும் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நானும் அவனைப் பார்த்தேன். நீ போனைத் திருப்பினாய். மஞ்சள் டி-ஷர்ட். மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நல்லா இருக்கிறான், அமைதியாக இருக்கிறான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே, யாருமில்லை, ஆரம்பி என்றேன். உன் கடிதம் வரும் வரை இது எனக்கு உறைக்கவில்லை. உன்மேல் மட்டும் போட்டுக்கொள்ளாதே. பதினாலு வயதுக்காரி பார்த்ததை நாற்பத்து நாலு வயதுக்காரனும் அதேபோலப் பார்த்திருக்கிறான்.

நேற்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன். மதனிடம் கொடுக்கப் போனாள், நீ பேசு என்றேன். இதைச் சொன்னேன். "ஜன்னல்ல நானுந்தான் பாத்தேன். அவனக் கூப்பிட்டு உள்ள வைக்கணும்னு எனக்கும் தோணல" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் சொல்வதை இரண்டு வாரம் தள்ளிப்போடு என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

யோசித்தேன். கருவி நல்ல கருவிதான். அதை வைத்த இடம்தான் தப்பு. தோட்டம் முழுக்கப் பார்க்க வைத்தோம். நமக்கு வேண்டியது அது இல்லை. அவன் தோட்டத்தில் இருக்கலாம், ஆடலாம், மரத்தடியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கேட்டுக்குப் போகும் சந்து மட்டும்தான் நமக்கு வேண்டும். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், ஒரு பக்கம் வேலி, கீழே சிமெண்ட். அங்கே செடி இல்லை. தயிர் டப்பாவை அந்தச் சந்துக்கு எடுத்துப் போ. கேட்டுக்கு மேலே மாட்டி, சந்தைப் பார்த்துத் திருப்பி வை. தொலைவில் இருக்கும் கட்டங்களை அணைத்துவிடு, மரம் அதற்குத் தெரியவே வேண்டாம்.

கற்றுக்கொடுக்கும்போது நால்வரில் மூவர் அங்கே இருக்கிறீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

செப்டம்பர் லீவுக்கு முன்னால் என்னால் வர முடியாது. டிக்கெட் பார்த்துவிட்டேன், அனுமதிதான் கிடைக்கவில்லை. வேறு எதுவும் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தத் தெரியவில்லை.

அப்பா

*

லிவர்மோர்
ஆகஸ்ட் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

சந்தில் மாட்டிவிட்டோம். கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் அம்மா அடுக்களையில் நின்று, பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல, "வான்மதி" என்றாள். இருக்கேன் என்றேன். "மதன்" என்றாள். அவன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். இருந்தும் அவன் தலைமேல் கையை வைத்துவிட்டு, "இருக்கான்" என்று அவளே சொன்னாள். பிறகுதான் நான் அழுத்தினேன். ஒரு வாரம் பார்த்தோம். காற்றுக்கு அடிக்கவில்லை. மதன் சந்துக்குள் ஒரு கால் வைத்தால் அடித்தது. அவன் அசையாமல் நின்றாலும் விரல் ஆடுவதற்கே அடித்தது.

இன்று அம்மா ஆபீசுக்குப் போனாள். மீனாக்ஷி ஆன்ட்டி (பாலசுப்ரமணியன் அங்கிளின் மனைவி) எங்களோடு இருந்தார். மணி அம்மாவின் போனிலும் அடிக்கும்படி வைத்திருந்தேன். அப்படி வைத்திருக்கக் கூடாது. ஏனென்றால் இன்று அது அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் தடவை ஓடினேன். மதன் சந்தில் கேட்டுக்கு முன்னால் நின்றான். உள்ளே கூட்டி வந்தேன். ஜூஸ் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. ஆன்ட்டி ஓடினார். மறுபடி. "என்னடி இது, இன்னிக்கு இவனுக்கு கேட் மேல அப்படி என்ன ஆசை?" என்று ஆன்ட்டி மூச்சு வாங்கினார். அம்மா சான் ரமோனிலிருந்து மீட்டிங்குக்கு நடுவில் "போயிட்டானா?" என்று மெசேஜ் அனுப்பினாள். இல்லை, இருக்கிறான் என்று பதில் போட்டேன். மறுபடி அதே மெசேஜ், அதே பதில்.

நீங்கள் ஐந்து மணிக்குக் கூப்பிட்டபோது, "சென்சிட்டிவிட்டிய கொறச்சிடு, அதான் சும்மா சும்மா அடிக்குது" என்றீர்கள். குறைக்கலாம் என்றுதான் நானும் போனேன். அப்போது அம்மா வந்துவிட்டாள். முகம் கறுத்திருந்தது. பையைக்கூட இறக்கவில்லை. மணி அடித்தது. "மறுபடியுமா? ஐயோ" என்று சொல்லிக்கொண்டே என்னோடு வந்தாள். வேகமாக நடக்க அவளிடம் தெம்பு இல்லை. அதனால்தான் நாங்கள் அதைப் பார்த்தோம்.

மதன் கேட்டைப் பார்த்து நிற்கவில்லை, அப்பா. கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான். வீட்டைப் பார்த்து, அடுக்களை மணி எங்கே அடிக்கிறதோ அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து நின்றான். தலைக்குப் பின்னால் இருந்த தயிர் டப்பாவை நோக்கிக் கையை உயர்த்தி ஆட்டினான். உள்ளே மணி அடித்தது. கையை இறக்கிவிட்டுக் காத்திருந்தான். மூலையில் எங்களைப் பார்த்ததும் சிரித்தான். குதித்தான். ஓடி வந்து அம்மாவின் ஆபீஸ் அட்டையைப் பிடித்து இழுத்தான்.

அம்மா அங்கேயே சிமெண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூப்பிடறான் அம்மிணி," என்றாள். "இவ்ளோ நேரமா நம்மளக் கூப்பிட்டிருக்கான்."

ஆறு வயதாகிறது. ஒரு தடவைகூட அவன் யாரையும் கூப்பிட்டதில்லை. பசித்தால்கூடக் கூப்பிட மாட்டான், ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றுகொள்வான்.

அதனால் நான் குறைக்கவில்லை. அம்மாவும் குறைக்க வேண்டாம் என்கிறாள். நீங்கள் குறைக்கச் சொன்னால் நாங்கள் கேட்கப் போவதில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும்: அதற்குப் பிறகும் அவன் நிறுத்தவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு தடவை கூப்பிட்டான், ஒரு தடவை அம்மா போனாள், ஒரு தடவை நான் போனேன். நான் போனபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, கால்தான் வலித்தது. அவன் சிரித்ததற்குச் சிரித்தேன். என்றைக்காவது கூப்பிட்டு நாங்கள் வராமல் போனால் என்ன செய்வான் என்று நினைத்தேன். கேட்டை ஏறுவான் என்றுதான் நினைக்கிறேன். அதனால் வர வேண்டும், ஒவ்வொரு தடவையும்.

அம்மா ரிசைன் பண்ணப் போவதில்லை என்று சொல்லவில்லை. நாளன்றைக்கும் ஆபீஸ் இருக்கிறது, நீலச் சுடிதார் அயர்ன் பண்ணணும் என்று மட்டும் சொன்னாள். பிறகு உங்களிடம் போனில் அவளே பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. அடுக்களையில் நின்று, மெதுவாக, உட்காராமல், ரொம்ப நேரம் பேசினாள்.

மதன் தூங்கிவிட்டான். அம்மா அயர்ன் பாக்ஸை எடுத்து வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றாள். இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் விளக்கை அணைத்துவிட்டாள்.

வான்மதி